உறவினர் வந்து தங்கினால் உரிமை போய்விடுமா?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் ஓய்வூதியத்துக்கு மனு போடுகிறார். அவருடைய உடல் எத்தனை சதவீதம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை மருத்துவக் குழு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அடையாள அட்டையிலும் அது அச்சாகிவிட்டது. அதோடு வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு விசாரணை வருகிறது. வாசலில் நின்று கேட்கப்படும் முதல் கேள்வி, நான் பார்த்தவரை, உடலைப் பற்றியதாக இருப்பதில்லை. “கூட யாரெல்லாம் இருக்காங்க?” என்பதுதான் அந்தக் கேள்வி.

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடுகளுக்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்த வீடுகள் மிகக் குறைவு. ஒரு வீட்டில், எஸ்டேட் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு வந்த அக்கா மகன் வாரத்தில் ஐந்து நாள் தங்குகிறான். இன்னொரு வீட்டில், கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் பெரியப்பா மாதம் நான்கு நாள் இருந்துவிட்டுப் போகிறார். மற்றொரு வீட்டில், கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த தங்கை இரண்டு குழந்தைகளோடு மூன்று மாதமாக இருக்கிறாள். நாளைக்குப் போவாளா, அடுத்த ஆண்டு போவாளா என்பது அவளுக்கே தெரியாது.

இவர்கள் எல்லாம் அந்த வீட்டில் “இருக்கிறார்களா”? நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு குடும்பத்தை வரையறுக்கும்போது, வழக்கமாகச் சேர்ந்து வசித்து ஒரே சமையலில் உண்பவர்கள் என்கிறது. புதிய குடும்ப அட்டை கேட்டாலும் தனிச் சமையல் உண்டா என்று பார்க்கிறார்கள். ‘வழக்கமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வந்து போகிறவர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்பது கணக்கெடுப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓய்வூதிய விசாரணைக்கு வருபவருக்கு மட்டும் கொடியில் காயும் ஒரு பேண்ட் போதும். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் இருக்கிறார் என்று எழுதிவிடுவார்.

இந்தப் பழக்கத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது: ‘ஆதரவற்ற’. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தொடங்கியது. 1974இல் ஆதரவற்ற ஊனமுற்றோர் ஓய்வூதியமும், 1975இல் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியமும் வந்தன. அந்தக் காலத்துக்கு இவை பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அவற்றின் அடியில் இருந்த எண்ணம் பழையது. தாங்கிப் பிடிக்க வேண்டியது குடும்பம். மகனோ பேரனோ இல்லாதபோது மட்டும் அரசு இரக்கப்பட்டு ஏதோ கொடுக்கும் என்ற எண்ணம் அது. பிறகு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை மாற்றி ‘மாற்றுத்திறனாளி’ என்றோம். அது சுயமரியாதை சார்ந்த மாற்றம். அதற்கு முன்னால் ஒட்டியிருந்த ‘ஆதரவற்ற’ என்பது அதிகாரிகளின் மனதைவிட்டு இன்னும் போகவில்லை. உதவி வேண்டுமென்றால் உனக்கு யாருமே இல்லை என்று காட்டு என்கிறார்கள். ஒரு மனிதரிடம் இதைவிடக் கேவலமான நிரூபணத்தைக் கேட்க முடியுமா?

என் சித்தியிடம் கேட்டார்கள். இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர். திருமுல்லைவாயலில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். ஏற்றுமதித் துணி கம்பெனிகளிலிருந்து வரும் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டிக் கொடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிப் பிழைத்தவர். 2012இல் அவர் ஓய்வூதியத்துக்கு மனு போட்டபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அரக்கோணம் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோக முடியாததால் வாரநாட்களில் அவர் வீட்டில் தங்குவேன். விசாரணைக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். “பையன் இருக்கானே” என்றார். “என் அக்கா பையன் சார், படிக்கிறான்” என்றார் சித்தி. அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அன்று அந்த ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். என் வருமானம் ஆதிதிராவிடர் மாணவர் கல்வி உதவித்தொகை. அதுவும் ஆண்டு முடிகிற நேரத்தில்தான் கைக்கு வரும். அந்த அறையில் யாரை யார் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால், சோறு போட்டவர் சித்தி, சாப்பிட்டவன் நான். ஆனால் கோப்பில் நான் அவருடைய ‘ஆதரவு’ ஆகிவிட்டேன். அந்த ஓய்வூதியம் கிடைக்க இன்னும் இரண்டு ஆண்டு அலைந்தார்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். உறவினர் ஏன் வந்து தங்குகிறார் என்று கேட்டுப் பார்த்தால் தெரியும். சென்னையின் மேற்கில் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன, படைக்கலத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன. திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேராகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். “நான்வெஜ் சமைப்பீங்களா?” என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதிலைக் கேட்டதும் வீடு திடீரென்று ‘வேற ஆளுக்குப் பேசி முடிஞ்சிடுச்சு’ ஆகிவிடும். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன் போய் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான்: உறவினர் வீடு. தலித் குடும்பங்களில் நகரத்தில் இருக்கும் ஓர் அறைதான் ஊரிலிருந்து வருபவர்களுக்கு விடுதி, மருத்துவமனைக்கு வருபவர்களுக்குத் தங்குமிடம், அடிபட்டு வரும் பெண்ணுக்குப் புகலிடம். ஊரும் நகரமும் கதவை மூடியதால் ஒரு கூரையின் கீழ் கூடியவர்களை எண்ணிப் பார்த்து, “உனக்குத்தான் இவ்வளவு பேர் இருக்கிறார்களே” என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

அத்திப்பட்டு, கூடப்பாக்கம் போன்ற வாரியக் குடியிருப்புகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நகரத்துக்குள் இருந்த குடிசைகளிலிருந்து பெயர்த்து எடுத்து வரப்பட்டவர்களுக்குக் கிடைத்தவை சிறு வீடுகள். திருமணமான மகன், விதவையான மகள், அவள் பிள்ளைகள் என்று எல்லாரும் அந்த ஒன்றுக்குள்தான். அங்கே மூன்று அடுப்பு வைக்க இடமில்லை என்பதால் ஒரே அடுப்பு. ஒரே அடுப்பு என்பதால் ஒரே குடும்பம். ஒரே குடும்பம் என்பதால் எல்லாருடைய கூலியும் ஒரே கணக்கு. வீடு சிறியதாக இருப்பதற்கான தண்டனையை அந்த வீட்டில் படுத்திருக்கும் மாற்றுத்திறனாளி அனுபவிக்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 2.21 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் அது 2.45 சதவீதம். ஆபத்தான வேலை, கிடைக்காத மருத்துவம், சத்தில்லாத உணவு ஆகியவை சாதியோடு சேர்ந்தே வருகின்றன என்பதால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

இப்போது கூரையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்று ஒரு பிரிவு உண்டு. மாற்றுத்திறனாளியான மகனையோ மனைவியையோ பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ பராமரிக்கும் ஒருவர், பழைய வரி முறையில் தன் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள அது வழி செய்தது. பாதிப்பு 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 1,25,000 ரூபாய். முப்பது சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் ஆண்டுக்கு 22,500 அல்லது 37,500 ரூபாய் மிச்சம். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாய் ஆனது. ஆண்டுக்கு 18,000. அதாவது வசதியான வீட்டில் சம்பாதிக்கும் உறவினர் இருந்தால், அவருடைய இருப்பே சலுகைக்குக் காரணம். ஏழை வீட்டில் சம்பாதிக்கும் உறவினர் இருந்தால், அவருடைய இருப்பே மறுப்புக்குக் காரணம். வசதியானவர் வாசலில் போய் யாரும் செருப்புகளை எண்ணுவதில்லை. படிவத்தில் அவர் எழுதுவதை அரசு நம்புகிறது. யாருடைய சொல்லை நம்புவது, யாருடைய வீட்டைச் சோதிப்பது என்ற இந்த வேறுபாட்டுக்கு நம் நாட்டில் மிகப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு, முதுமை, நோய், உடல் இயலாமை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. உறவினர் இல்லாதவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவானது. அதன் 5ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு. இன்ன ஏற்பாட்டில்தான் வசிக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பேசுகிறது. மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்கான உதவி குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. வருமான உச்சவரம்பு வைக்க அரசுக்கு அந்தப் பிரிவு இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் யாருடைய வருமானம் என்பதுதான் கேள்வி. வாரநாட்களில் வந்து படுத்துச் செல்லும் அக்கா மகனின் சம்பளத்தையும் சேர்த்தால், உதவித்தொகையைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவர் தனியாக வாழ்ந்தாக வேண்டும். அது 5ஆம் பிரிவு தடுக்கும் கட்டாயமேதான். வேறு பெயரில் வருகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1964இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான அரசு உதவியைப் பெறும் தாய் ஓர் ஆணோடு உறவில் இருந்தால், அவனை ‘மாற்றுத் தந்தை’ என்று கருதி உதவியை நிறுத்திவிடலாம். அவன் அந்த வீட்டில் வசிக்கிறானா, குழந்தைகளுக்குச் செலவு செய்கிறானா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. செல்மா நகரம் இருக்கும் அதே மாவட்டத்தில் திருமதி சில்வெஸ்டர் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் நான்கு குழந்தைகளோடு வாழ்ந்தார். அதிகாலை மூன்றரை மணிக்கு உணவகத்தில் சமையல் வேலைக்குப் போவார். வாரக் கூலி இருபது டாலரைத் தாண்டாது. வார இறுதிகளில் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். அந்த மனிதருக்குத் தனியாக மனைவியும் ஒன்பது குழந்தைகளும் இருந்தனர். 1966 அக்டோபரில் ஸ்மித்தின் குழந்தைகளுக்கான உதவி நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1968 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைச் செல்லாது என்றது. குழந்தைகளைக் காப்பாற்றும் சட்டக் கடமை இல்லாத ஒருவரைக் காட்டி, அவர்களின் பங்கைப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். எந்தத் தெருக்களில் அந்த விதி கடுமையாகப் பாய்ந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுரிமைக்காகச் செல்மாவில் கறுப்பின மக்கள் நடந்தது 1965இல்தான்.

பிரிட்டனில் நடந்ததும் நமக்குப் பாடம். 1931இல் வேலையில்லாதவர்களுக்கான உதவிக்குக் குடும்பச் சோதனை கொண்டுவந்தார்கள். மகனும் மகளும் வாங்கும் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, தகப்பனின் உதவியைக் குறைத்தார்கள். தகப்பனுக்குக் கிடைக்கும் சில்லறையாவது மிஞ்சட்டும் என்று பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய கதைகள் அந்தக் காலத்துத் தொழிலாளர் குடும்பங்களில் ஏராளம். மக்களின் வெறுப்பைச் சம்பாதித்த அந்தக் குடும்பச் சோதனை 1941இல் கைவிடப்பட்டது. குடும்பத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த விதி குடும்பத்தைத்தான் உடைத்தது. ஆவடியிலும் அதுவே நடக்கிறது. விசாரணை வரும் என்று தெரிந்தால் தங்கையை நான்கு நாள் வேறெங்காவது போய் இரு என்று சொல்கிறார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்கவும் கழிவறைக்குத் தூக்கிச் செல்லவும் ஆளில்லாமல் அந்த நான்கு நாளும் கழிகின்றன.

தூக்கிச் செல்வது யார் என்றும் கேட்க வேண்டும். அநேகமாக ஒரு பெண். அம்மா, அக்கா, மருமகள். வந்து தங்கும் உறவினர் பலர் பணம் கொண்டுவருவதில்லை, உழைப்பைக் கொண்டுவருகிறார்கள். 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு அதிகமான உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படியும் தர வேண்டும் என்று சொல்கிறது. அப்படியானால், உடனிருந்து பராமரிக்கும் உறவினருக்கு அரசு பணம் தர வேண்டும். அவரைக் காட்டி இருப்பதையும் பிடுங்குவது சட்டத்தைத் தலைகீழாகப் படிப்பது.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது, கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார் அண்ணல் அம்பேத்கர். கிராமம் என்றால் அவருக்குச் சேரி நினைவுக்கு வரும். குடும்பம் என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வர வேண்டும்? அன்பு இருக்கலாம். ஆனால் சாதி தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் இடமும் குடும்பம்தான். பெண்ணின் உழைப்பைக் கூலியில்லாமல் வாங்கிக்கொள்ளும் இடமும் அதுதான் என்று பெரியார் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். ஒரு மாற்றுத்திறனாளியை ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடும்போது, அவர் குடிமகன் என்ற நிலையிலிருந்து குடும்பத்தின் பாரமாக இறங்குகிறார். மாதம் 1,500 ரூபாய் அவர் பெயரில் வந்தால், அந்த வீட்டில் அவருக்கு ஒரு குரல் இருக்கும். அக்கா மகனுக்குச் சோறு போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம். என் சித்தி செய்ததைப் போல.

பணம் குறைவு, போலிகள் அதிகம், அதனால் சோதிக்கத்தானே வேண்டும் என்பார்கள். பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயலாமையை உறுதிசெய்ய மருத்துவக் குழு இருக்கிறது, தேசிய அளவிலான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறது. வேலை, சொந்த வருமானம், சொத்து ஆகியவற்றைப் பார்க்கப் பதிவேடுகள் இருக்கின்றன. விருந்தாளியை எண்ணுவதால் எந்தப் போலியும் பிடிபடுவதில்லை. பொய் சொல்லத் தெரிந்தவர் உறவினரை ஒளித்துவிடுகிறார். உண்மை சொன்னவர் மாட்டிக்கொள்கிறார். பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு ஒன்றிய அரசு தன் திட்டத்தில் தரும் பங்கு மாதம் 300 ரூபாய். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாகவும், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களுக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். ஆகவே இது கஜானாவின் அளவைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

இந்தப் பத்தியைப் படிக்கும் இளம் தோழர்களுக்கு நடைமுறையில் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் தெருவில் யாருக்காவது மனு மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்க உதவுங்கள். வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு செய்வது கடினம். எழுதித் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்து தங்கும் உறவினரை ஒளிக்கச் சொல்லாதீர்கள். அவருடைய ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் உள்ள சொந்த ஊர் முகவரியின் நகலை இணைத்து, ‘தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார், என் செலவுக்குப் பணம் தருவதில்லை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. எந்த ஆட்சியரகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போவது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோலோடு ராஜாஜி சாலைவரை போனவரைத் திருவள்ளூருக்குத் திருப்பி அனுப்புவது சிறிய விஷயமல்ல. அங்கும் நடக்கவில்லை என்றால், 2016 சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி உரிமை மறுப்பை விசாரிக்க மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

அரசிடம் கேட்க வேண்டியது இதைவிடச் சுருக்கமானது. மாற்றுத்திறனாளியின் சொந்த வருமானத்தை மட்டும் பாருங்கள். அவர் கூரையின் கீழ் தூங்குபவர்களை எண்ணாதீர்கள். உடனிருந்து பராமரிப்பவருக்குச் சட்டம் சொல்லும் படியைக் கொடுங்கள். ‘ஆதரவற்ற’ என்ற சொல்லைத் திட்டங்களின் பெயரிலிருந்தும் படிவங்களிலிருந்தும் விசாரணைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஆதரவு இருப்பவருக்கும் பசிக்கும், மருந்து வாங்க வேண்டும், பேருந்தில் போக வேண்டும். சமூக நீதி பேசும் ஒரு மாநிலத்தில் ஒரு மனிதர் தன் உரிமையைப் பெறுவதற்காகத் தன் வீட்டுக் கதவைச் சொந்தக்காரர்களுக்கு மூடவேண்டிய நிலை இருக்கக் கூடாது. நமக்குக் கதவை மூடுவதற்கு ஏற்கெனவே ஊரில் போதுமான வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.